பாஹியாவின் புவியியலாளர்

1994-இல் பிரேசில் நாட்டு மானுடப் புவியியல் பேராசிரியர் மில்ட்டன் சாந்தோஸுக்கு வோத்ரான் லூத் பரிசு வழங்கப்பட்டது. புவியியலுக்கு நோபல் பரிசு இல்லை. அந்த இடத்தை நிரப்ப 1991-இல் பிரான்சின் சாந்தியே நகரில் ஏற்படுத்தப்பட்ட பரிசு இது. ‘அமெரிக்கா’ என்ற பெயர் முதன்முதலாக இடம்பெற்ற 1507-ஆம் ஆண்டு உலகப் படத்தை உருவாக்கிய அறிஞர் குழு அந்த ஊரில்தான் இயங்கியது. குழுவை நடத்திய பாதிரியார் வோத்ரான் லூத். லத்தீன் அமெரிக்காவிலிருந்து சென்று அந்தப் பரிசைப் பெற்ற முதல் மனிதர் சாந்தோஸ். அவருடைய வாழ்க்கையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் சொல்கிறார்கள்: பாஹியா மாநிலத்தில் ஒரு வழக்கறிஞர், பத்திரிகையாளர், உள்ளூர்ப் பேராசிரியர், 1964 ராணுவப் புரட்சிக்குப் பின் நாட்டைவிட்டு வெளியேறி, பாரிஸில் உலகச் சிந்தனையாளர் ஆனவர், பிறகு புகழோடு திரும்பியவர். இந்த வரிசையில் அவருடைய கோட்பாடு பிறக்கும் இடம் பாரிஸ். பாஹியா வெறும் முன்கதை. இது தவறு என்பது என் வாதம். அவர் பின்னாளில் உலகுக்குச் சொன்ன முக்கியமான கருத்துகள் எல்லாவற்றுக்கும் மூலச் சரக்கு, 1964-க்கு முன்பே பாஹியாவின் ககாவ் தோட்டங்களிலும் சால்வடோர் நகரத்தின் இடிந்த மாளிகைகளிலும் அவர் சேகரித்துவிட்டது.

சாந்தோஸ் 1926 மே 3 அன்று பாஹியாவின் உள்நாட்டு மலைப்பகுதியில், ப்ரோத்தாஸ் டி மக்காவுபாஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். பிரேசிலில் அடிமைமுறை ஒழிந்தது 1888-இல். அவர் பிறந்தபோது அதற்கு நாற்பது ஆண்டுகூட ஆகவில்லை. பெற்றோர் இருவரும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், கறுப்பினத்தவர். பத்து வயது வரை பள்ளிக்கு அனுப்பாமல் வீட்டிலேயே அவருக்குக் கணக்கும் பிரெஞ்சும் கற்றுக்கொடுத்தார்கள். பிறகு சால்வடோரில் ஒரு விடுதிப் பள்ளி. அங்கே மேல்வகுப்பில் படித்துக்கொண்டே கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் அளவுக்குத் தேறினார். பொறியியல் படிக்க விரும்பியவரை, கறுப்பின மாணவர்களுக்கு அந்தக் கல்லூரியில் வரவேற்பு இருக்காது என்று சொல்லிச் சட்டத்தின் பக்கம் திருப்பிவிட்டார்கள். 1948-இல் சட்டப் பட்டம் பெற்றார். ஆனால் வழக்குமன்றத்தில் நிலைக்கவில்லை. புவியியல் ஆசிரியர் வேலை தேடி மாநிலத்தின் தென்பகுதித் துறைமுகமான இலியெவுஸுக்குப் போனார். அங்கிருந்து ‘ஆ தார்தே’ நாளேட்டுக்கும் எழுதினார்.

இலியெவுஸ் ககாவ் ஊர். சாக்லேட்டுக்கு மூலப்பொருளான ககாவ் கொட்டைதான் அந்தப் பகுதியின் செல்வம், சண்டை, அரசியல் எல்லாம். ஜோர்ஜே அமாதோவின் 1943, 1944 நாவல்கள் அந்த மண்ணின் நிலக்கொள்ளையையும் ஏற்றுமதி நிறுவனங்களின் பிடியையும் ஏற்கெனவே கதையாக்கியிருந்தன. சாந்தோஸ் அதே மண்ணைப் புவியியலாகப் படித்தார். 1955-இல் ‘ககாவ் மண்டலம்’ என்ற நூல் வெளிவந்தது. மரம் நிற்பது பாஹியாவில், பறிப்பவர் அங்கே, வெயிலில் உலர்த்தும் தட்டுப்பந்தலும் அங்கே. விலை நிர்ணயமாவதோ நியூயார்க் சந்தையில். அங்கே விலை சரிந்தால் இங்கே ஏற்றுமதிக்காரரிடம் முன்பணம் வாங்கிய சிறு தோட்டக்காரர் நிலத்தை இழக்கிறார். ஒரு வட்டாரத்தின் நிலம், உழைப்பு, சாலை, ஊர் அனைத்தும் அங்கே வாழாத ஒருவரின் முடிவுக்கு ஏற்ப அசைகின்றன. இருபதுகளின் இறுதியில் இருந்த ஓர் இளம் ஆசிரியர் இதை நாள்தோறும் கண்ணால் பார்த்தார், செய்தியாக எழுதினார் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். நாற்பது ஆண்டு கழித்து அவர் எழுதிய பெரிய நூலில் இதே காட்சி கோட்பாடாகத் திரும்பி வரும்.

1956-இல் உலகப் புவியியல் மாநாடு ரியோ டி ஜெனீரோவில் கூடியது. அங்கே பிரெஞ்சுப் புவியியலாளர் ழான் த்ரிக்கார் அவரைக் கவனித்து ஸ்ட்ராஸ்பூர் பல்கலைக்கழகத்துக்கு அழைத்தார். 1958-இல் முனைவர் பட்டம். பிரான்சில் படித்த பட்டம் என்றாலும் ஆய்வின் பொருள் சால்வடோர் நகரத்தின் மையப் பகுதி. இந்த ஆய்வேடு 1959-இல் நூலாக வந்தது. என் பார்வையில் அவருடைய முழுப் பணியின் திறவுகோல் இதுவே. சால்வடோர் 1549 முதல் 1763 வரை போர்த்துகீசிய பிரேசிலின் தலைநகரம். குன்றின் மேல் ஒரு நகரம், கடலோரத்தில் ஒரு நகரம்; இரண்டையும் 1873 முதல் ஒரு பெரிய மின்தூக்கிக் கோபுரம் இணைக்கிறது. 1950 கணக்கெடுப்பில் நான்கு லட்சத்துக்குச் சற்று மேற்பட்ட மக்கள். இவ்வளவு பெரிய நகரத்தில் சொல்லிக்கொள்ளும்படியான தொழிற்சாலைகள் குறைவு. கீழ்நகரில் துறைமுகம், வங்கி, ஏற்றுமதி அலுவலகம், மொத்த வணிகம். அங்கே புதிய உயர்ந்த கட்டடங்கள் எழுந்துகொண்டிருந்தன. மேல்நகரில் அரசு அலுவலகங்களும் சில்லறைக் கடைத்தெருக்களும். அவற்றை ஒட்டியே பெலோரின்யோ பகுதியின் பழைய மாளிகைகள். சர்க்கரைச் செல்வத்தால் கட்டப்பட்ட அந்த வீடுகளை விட்டுச் செல்வர்கள் தெற்குக் கடற்கரைப் பக்கம் போய்விட, ஒரு கூடத்தைப் பலகையால் நான்காகத் தடுத்து நான்கு ஏழைக் குடும்பங்கள் வசித்தன.

வேறொரு ஆய்வாளர் இதைப் பார்த்து, மையம் சிதைகிறது, திட்டமிட்டுச் சீர்செய்ய வேண்டும் என்று எழுதி முடித்திருப்பார். அன்றைய ஐரோப்பிய, அமெரிக்கப் பாடநூல்கள் நகர மையத்தை விளக்கிய முறை அத்தகையது. சாந்தோஸ் கேட்ட கேள்வி வேறு: ஒரே மையத்தில் புதிய வங்கிக் கட்டடமும் இடியும் மாளிகையும் அடுத்தடுத்து ஏன் நிற்கின்றன? இரண்டும் ஒரே காரணத்தால்தான் நிற்கின்றன என்பது அவர் கண்டது. ககாவையும் புகையிலையையும் வெளியே அனுப்பிப் பிழைக்கும் நகரம் அது. அந்த வணிகம் சில அலுவலகங்களைத்தான் வளர்க்கும், திரளான வேலை தராது. உள்நாட்டு வறட்சியிலிருந்தும் நிலமின்மையிலிருந்தும் தப்பி வருகிறவர்கள் வேலை கிடைக்கக்கூடிய தெருக்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒண்டிக்கொள்கிறார்கள். பழைய செல்வத்தின் கட்டடங்கள் அதற்கு இடம் கொடுக்கின்றன. நகரத்தின் பழைய வடிவங்கள் புதிய காலத்தின் செயலைத் தாங்கவும் செய்கின்றன, தடுக்கவும் செய்கின்றன. இந்த ஒரு பார்வையிலிருந்து அவருடைய இரண்டு பெரிய கருத்துகள் பின்னால் கிளைத்தன.

திரும்பி வந்தவர் 1959-இல் பாஹியா பல்கலைக்கழகத்தில் நில உருவவியலுக்கும் வட்டார ஆய்வுக்கும் ஓர் ஆய்வுக்கூடம் நிறுவினார். 1960-இல் ஜானியோ குவாத்ரோஸுடன் பத்திரிகையாளராகக் கியூபா சென்றார். குவாத்ரோஸ் குடியரசுத் தலைவரானதும் பாஹியாவில் அவருடைய பிரதிநிதியாக இருந்தார். பிறகு மாநிலப் பொருளாதாரத் திட்டக் குழுவின் தலைவர். பெருஞ்செல்வத்தின் மீது வரி போட வேண்டும் என்று அங்கிருந்து சொன்னார். அதைச் சொன்னவர் ஒரு கறுப்பினப் பேராசிரியர் என்பதும் சேர்ந்தபோது, சால்வடோரின் பெருவீடுகள் அதை மறக்கவில்லை. 1964 புரட்சி நடந்ததும் கைதானார். சில மாதங்கள் ராணுவ முகாமில் அடைபட்டார், உடல்நலம் கெட்டது, பல்கலைக்கழகப் பதவி பறிபோனது. அந்த ஆண்டின் இறுதியில் பிரான்சுக்குப் புறப்பட்டார். சில மாதங்களில் திரும்பலாம் என்ற நம்பிக்கை பதின்மூன்று ஆண்டாக நீண்டது: துலூஸ், போர்தோ, பாரிஸ், பிறகு அமெரிக்காவின் எம்.ஐ.டி., டொரன்டோ, லிமா, கராக்காஸ், தான்சானியாவின் தார் எஸ் சலாம், நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம். எந்த இடத்திலும் நிலையான இருக்கை கிடைக்கவில்லை.

இந்த அலைச்சலுக்கு நடுவில்தான், 1975-இல், ‘பகிரப்பட்ட வெளி’ என்று பொருள்படும் நூல் பிரெஞ்சில் வந்தது. ஏழை நாடுகளின் நகரப் பொருளாதாரம் இரண்டு சுற்றுகளாக ஓடுகிறது என்பது அதன் மையக் கருத்து. மேல் சுற்றில் வங்கி, ஏற்றுமதி, நவீனத் தொழிற்சாலை, பெரிய அங்காடி. அங்கே முதலீடு அதிகம், ஆள் குறைவு, விலை எழுதி ஒட்டப்பட்டிருக்கும், கடன் வங்கியிலிருந்து வரும், விளம்பரம் உண்டு, அரசின் உதவி உண்டு. கீழ்ச் சுற்றில் தெருவியாபாரி, பெட்டிக்கடைக்காரர், தகரத்தை அடித்து விளக்குச் செய்பவர், பழைய டயரைச் செருப்பாக்குபவர். சரக்கு கொஞ்சம்தான், அன்றன்றைக்கு விற்றால்தான் மறுநாள் கொள்முதல். பேரம் பேசித்தான் விலை. ஒன்றும் வீணாவதில்லை, எல்லாம் மறுபடி பயனுக்கு வரும். கடன் ஆள்முகம் பார்த்துத் தரப்படும், வட்டி கழுத்தை நெரிக்கும். அரசிடமிருந்து வருவது உதவியைவிட விரட்டல்தான் அதிகம். வியாபாரி கையில் ரொக்கம் தங்காது என்பதையும், ரொக்கம் இல்லாமல் அந்தச் சுற்றே நின்றுவிடும் என்பதையும் ஒருசேரக் காட்டும் பக்கங்கள் அந்நூலின் மிகச் சிறந்த பகுதி.

இரு சுற்றையும் இணைப்பவர் மொத்த வியாபாரியும் லாரிக்காரரும். நகரவாசி கடைக்காரரிடம் கடன். கடைக்காரர் மொத்த வியாபாரியிடம் கடன். மொத்த வியாபாரி வங்கியிடம் கடன். இந்தச் சங்கிலி வழியாகக் கீழே ஈட்டிய லாபத்தின் பெரும்பங்கு மேலே ஏறிவிடுகிறது. கீழே நிற்பவர் எவ்வளவு உழைத்தாலும் முதல் சேர்வதில்லை. அவருடைய சோம்பலோ படிப்பின்மையோ இதற்குக் காரணமாகாது. நவீனத் தொழிற்சாலை குறைந்த ஆட்களைக் கொண்டு அதிகம் உற்பத்தி செய்கிறது, ஆகவே நகருக்கு வந்த திரளுக்கு வேலை இல்லை. அதே நவீனமயம் புதிய பண்டங்களின் மீது எல்லோருக்கும் ஆசையை விதைக்கிறது, ஆகவே அரைகுறை வருமானத்தோடு வாங்க வேண்டியிருக்கிறது. கீழ்ச் சுற்று பழைய காலத்தின் எச்சமாக மிஞ்சியதன்று. மேல் சுற்று எவ்வளவு புதியதோ அவ்வளவு புதியது அது.

இங்கே முதல் மறுப்பு எழுகிறது. இது பழைய இருமைக் கோட்பாடுதானே என்று கேட்பார்கள். டச்சுப் பொருளியலாளர் போக்கே காலனி இந்தோனேசியாவில் இரட்டைப் பொருளாதாரம் கண்டார். கிளிஃபர்ட் கீர்ட்ஸ் 1963-இல் ஜாவா நகரத்தின் சந்தைப் பொருளாதாரத்தையும் நிறுவனப் பொருளாதாரத்தையும் பிரித்துக் காட்டினார். கீத் ஹார்ட் கானாவின் அக்ரா நகரை ஆராய்ந்து 1973-இல் முறைசாராத் துறை பற்றிய கட்டுரையை வெளியிட்டார். சாந்தோஸ் இவர்களுக்குப் பின்னால் வந்தவர் என்பதும் கீர்ட்ஸிடம் கடன்பட்டவர் என்பதும் உண்மை. ஆனால் இவர்களிடமிருந்து அவர் விலகும் இடத்தைக் கவனிக்க வேண்டும். இருமைக் கோட்பாட்டில் ஒரு பக்கம் மரபு, மறுபக்கம் நவீனம். இரண்டுக்கும் நடுவே சுவர். மரபு மெல்ல நவீனமாக மாறும் என்ற நம்பிக்கை. சாந்தோஸிடம் சுவர் இல்லை. இரண்டும் ஒரே வேரின் விளைவு, ஒன்று மற்றதைச் சார்ந்து நிற்கிறது, மேலே வளர்ச்சி கூடினால் கீழே நெரிசல் கூடும். நம்பிக்கைக்குப் பதில் அவர் தருவது ஒரு இயங்குமுறை. அது அன்றைய திட்டக் குழுக்களுக்குக் கசந்ததில் வியப்பில்லை.

இரண்டாவது மறுப்பு என் வாதத்துக்கே எதிரானது, வலுவானதும்கூட. அந்நூல் எழுதப்பட்டது வெளிநாட்டில், பிரெஞ்சு மொழியில். லிமாவும் கராக்காஸும் தார் எஸ் சலாமும் பார்க்காமல் இந்தப் பொதுவிதி பிறந்திருக்குமா? பிறந்திருக்காது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சால்வடோரில் மட்டும் இருந்திருந்தால், அது அந்த நகரத்தின் தனி வரலாறு என்று அவரே நினைத்திருக்கக்கூடும். மூன்று கண்டங்களில் ஒரே கடன்சங்கிலியைக் கண்டது அவருக்குப் பொதுமையைக் கொடுத்தது. சோர்போனின் நூலகங்களும் பிரெஞ்சு மார்க்சிய விவாதங்களும் சொற்களைக் கொடுத்தன. ஆனால் அந்த ஊர்களில் எதைத் தேட வேண்டும் என்ற கேள்வி அவர் பெட்டியில் முன்பே இருந்தது. வங்கிக் கட்டடத்தையும் பலகையால் தடுத்த கூடத்தையும் ஒரே விளக்கத்துக்குள் கொண்டுவந்த 1959 நூல் கையில் இல்லாத ஒருவர், லிமாவின் சேரியையும் தார் எஸ் சலாமின் சந்தையையும் இரண்டு தனித்தனி அத்தியாயங்களாகத்தான் எழுதியிருப்பார். பாரிஸில் அப்போது திறமையான புவியியலாளர்கள் பலர் இருந்தார்கள், ஏழை நாடுகளைப் பற்றி நிறையவே எழுதினார்கள். இந்தக் கேள்வியோடு அங்கே வந்து சேர்ந்தவர் பாஹியாக்காரர்.

1977-இல், பொதுமன்னிப்புச் சட்டத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, அவர் பிரேசில் திரும்பினார். மனைவி கருவுற்றிருந்தார்; பிள்ளை பாஹியா மண்ணில் பிறக்க வேண்டும் என்பது சாந்தோஸின் விருப்பம், அப்படியே சால்வடோரில் பிறந்தது. ஆனால் உலகின் பல பல்கலைக்கழகங்களில் கற்பித்தவருக்குச் சொந்த மாநிலத்தில் உடனே பதவி கிடைக்கவில்லை. 1979-இல்தான் ரியோவின் கூட்டாட்சிப் பல்கலைக்கழகம் இடம் தந்தது. எண்பதுகளின் நடுவிலிருந்து சாவோ பாவ்லோ பல்கலைக்கழகம். இதற்கிடையே 1978-இல் ‘புதிய புவியியலுக்காக’ வெளிவந்தது. அன்றைய பிரேசில் புவியியலில் புள்ளியியல் மாதிரிகளின் ஆட்சி. ராணுவ அரசின் திட்டத் துறைக்கும் அது வசதியாக இருந்தது. அதே ஆண்டு ஃபோர்ட்டலேசா நகரில் கூடிய தேசியப் புவியியலாளர் மாநாட்டில் இளைஞர்களும் மாணவர்களும் அந்த மாதிரிகளின் ஆட்சிக்கு எதிராகத் திரும்பினார்கள். சாந்தோஸின் நூல் அவர்கள் கைக்கு வந்தது. கடந்த காலத்தின் உழைப்பு கட்டடமாகவும் சாலையாகவும் துறைமுகமாகவும் உறைந்து நிலத்தில் தங்கிவிடுகிறது, புதிதாக வரும் எந்தத் திட்டமும் அந்தச் சொரசொரப்பின் மேல்தான் நடக்க வேண்டும் என்று அதில் எழுதினார். இக்கருத்தைச் சார்த்தரின் தத்துவத்தோடு இணைத்து விளக்குவது வழக்கம். இணைப்பு உண்மைதான். ஆனால் பெலோரின்யோவின் மாளிகைகளை ஆண்டுக்கணக்கில் வீடுவீடாகப் படித்தவருக்கு இதைச் சொல்லித்தர ஒரு தத்துவவாதி தேவைப்பட்டிருக்க மாட்டார்.

1987-இல் வந்த ‘குடிமகனின் வெளி’ பிரேசிலின் புதிய அரசமைப்பு எழுதப்பட்டுக்கொண்டிருந்த காலத்தின் நூல். ஒரே படிப்பும் ஒரே திறமையும் உள்ள இருவர், வாழும் இடத்தைப் பொறுத்து வேறுவேறு மதிப்புப் பெறுகிறார்கள். பள்ளியும் மருத்துவமனையும் எட்டாத தூரத்தில் இருக்கும்போது உரிமை காகிதத்தில்தான் இருக்கும் என்று அதில் வாதிட்டார். இனத்தைப் பற்றி அவர் குறைவாகவே எழுதினார் என்ற குறையும் அவர் மேல் உண்டு. கறுப்பினர் இயக்கங்களில் அவர் சேரவில்லை என்பது உண்மை. எனினும் தொண்ணூறுகளில் அவர் எழுதிய ‘ஊனமாக்கப்பட்ட குடியுரிமைகள்’ கட்டுரையைப் படித்தவர்கள், பிரேசிலில் கறுப்பராக இருப்பதன் பொருளை அவர் எவ்வளவு கூர்மையாக வைத்தார் என்பதை அறிவார்கள்.

1996-இல் வந்த ‘வெளியின் இயல்பு’ அவருடைய பெருநூல். மறு ஆண்டு பிரேசிலின் ஜபுத்தி இலக்கியப் பரிசு அதற்குக் கிடைத்தது. தொலைவிலிருந்து செங்குத்தாக வந்து இறங்கும் கட்டளைகள் ஒரு பக்கம், அக்கம்பக்கத்து மனிதர்கள் சேர்ந்து வாழ்வதால் கிடைமட்டமாக உருவாகும் உறவுகள் மறுபக்கம். ஓர் இடத்தின் வரலாறு இரண்டின் மோதல் என்கிறது அந்நூல். இலியெவுஸின் தோட்டக்காரரும் நியூயார்க்கின் விலையும் இதோ மறுபடி நிற்கிறார்கள், இம்முறை செயற்கைக்கோள் காலத்து உடையில். இந்த நூலின் மேல் வைக்கப்படும் ஒரு விமர்சனத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஏழைகள் மெதுவாக நகர்பவர்கள், வேகமாகப் பறப்பவர்களைவிட இடத்தை ஆழமாக அறிபவர்கள், ஆகவே எதிர்காலம் அவர்களிடமிருந்து வரும் என்று முதுமையில் அவர் நம்பினார். இதற்கு அவர் தரும் சான்று போதாது. கடன்சங்கிலியை அவ்வளவு துல்லியமாக வரைந்த கை, அந்தச் சங்கிலி எப்படி அறும் என்ற இடத்தில் நம்பிக்கையை மட்டும் வைக்கிறது. 2000-இல் எழுதிய ‘வேறொரு உலகமயமாக்கலுக்காக’ என்ற சிறு நூலிலும் இதே இடைவெளி இருக்கிறது. பசித்தவர் அறிவதெல்லாம் விடுதலை அறிவாகிவிடாது என்பதை 1975-இன் சாந்தோஸ் நன்றாகவே அறிந்திருந்தார்.

2001 ஜூன் 24 அன்று சாவோ பாவ்லோவில் தம் 75-ஆவது வயதில் அவர் இறந்தார். ‘வெளியின் இயல்பு’, ‘புதிய புவியியலுக்காக’ ஆகிய இரண்டும் ஆங்கிலத்தில் நூலாக வந்தது 2021-இல். அதுவரை ஆங்கிலம் படிக்கும் புவியியல் மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைத்தது 1979-இல் சுருக்கி மொழிபெயர்க்கப்பட்ட ‘பகிரப்பட்ட வெளி’ ஒன்றுதான். தத்துவம் நிறைந்த 1996 நூலின் புகழைக் கேட்டு அதிலிருந்து தொடங்குபவர்கள் பாதியில் களைத்துவிடுகிறார்கள். நகரத்தையும் வியாபாரத்தையும் படிக்க விரும்பும் மாணவர் முதலில் இரு சுற்றுகளின் நூலை எடுக்கட்டும்; தம் ஊர்க் கடைத்தெருவில் எந்தக் கடைக்காரர் யாரிடம் என்ன வட்டிக்குச் சரக்கு எடுக்கிறார் என்று விசாரித்துக்கொண்டே அதைப் படிக்கட்டும்.